பார்த்த தேதி

வரிவிதிப்புத் தாளுக்கு ஒப்படைப்பு:
உங்கள் ஊரில் விற்கும் ஒரு பொருள்,
அதற்கு எத்தனை சதவீதம், எங்கே பார்த்தீர்கள்.
கடைசிக் கட்டத்தில் பார்த்த தேதி.
அது இல்லாவிட்டால் பாதி மார்க்தான்
என்றார் எஸ்தர் மேடம்.

மாங்கூழை முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.
கிருஷ்ணகிரியில் அதற்குத் தடுக்கி விழுந்தால் பதில்.
நாங்கள் நால்வரும் தாமதமாய் வந்ததால்
எங்களுக்கு நிப்பட்டு.

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
கண்ணாடி டப்பாவில் அடுக்கியிருக்குமே,
கடித்தால் பக்கத்து சீட்டுக்காரர்
திரும்பிப் பார்ப்பாரே,
அதேதான்.

தேடினேன்.
செய்முறை வந்தது. இன்னொரு செய்முறை வந்தது.
பெங்களூரிலிருந்து ஒருத்தி
கறிவேப்பிலையைக் கையால்தான் கிள்ள வேண்டும் என்றாள்.
சட்டம் வரவில்லை.
வரி அட்டவணையில்
குதிரைக்குப் பெயர் இருக்கிறது,
கோவேறு கழுதைக்கும் இருக்கிறது.
நிப்பட்டுக்கு இல்லை.

திம்மராஜுக்கு முதலில் வருவதே வேதம்.
இரண்டாவது இணைப்பைத் தொடுவது
முதலாவதை அவமானப்படுத்துவது என்பான்.
தஸ்தகீர் எழுத்தைத் தொடமாட்டான்.
யாரோ ஒரு தில்லிக்காரர் வீடியோவில் மூச்சுவிடாமல் பேசுவார்,
இவன் அதையும் வேகம் கூட்டிக் கேட்டுவிட்டு
'பாரா'ன்னா பன்னிரண்டு என்பான்.
வீட்டில் பேசும் உருது
இதற்காவது உதவியதே என்று சிரிப்பான்.

மாதேஸ்வரிக்குத் திரை என்றாலே கோபம்.
நூலகத்திலிருந்து
தலையணை கனத்தில் ஒன்றைத் தூக்கி வந்தாள்.
தைத்த புத்தகம் பொய் சொல்லாது என்றாள்.
சொல்லவில்லைதான்.
அதற்குள் இன்னும் வாட் வரி நடந்துகொண்டிருந்தது.

நானோ,
போனில் நாற்பத்தொரு பக்கம் திறந்து வைத்திருப்பவள்.
எதையும் நம்பமாட்டேன்,
எதையும் மூடவும் மாட்டேன்.

அரசாங்கத் தளத்துக்குள் போனோம்.
கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொன்னது.
மனுஷிதான் மனுஷிதான் என்று
மூன்று தடவை நிரூபித்த பிறகு
நேரம் முடிந்துவிட்டது என்றது.
லேப் ஜன்னலில் சையத் பாஷா மலை.
அதைப் பார்க்க எந்தக் கடவுச்சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்கே போனோம்.
முனிகிருஷ்ணப்பா பில்லைக் காட்டினார்.
சதவீதம் அச்சாகியிருந்தது.
எப்படித் தெரியும் என்றோம்.
ஆடிட்டர் ஆபீஸில் சொன்னார்கள் என்றார்.

ஆடிட்டர் ஆபீஸ் மாடியில், செருப்பு ஸ்டாண்டு தாண்டி,
உட்கார்ந்திருந்தது எங்கள் சீனியர் கோமளவல்லி.
போன வருஷம்வரை அதே கடைசி பெஞ்சு.
கொஞ்சம் இருங்கப்பா என்று
கம்ப்யூட்டரில் தட்டினாள்,
முதலில் வந்ததைத் தொட்டாள்.
திம்மராஜ் எங்கள் மூவரையும்
ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தான்.

அக்கா, இது சரியா?
நோட்டீஸ் வர்ற வரைக்கும் சரி.

கடைசியில் கண்டுபிடித்தவள் மாதேஸ்வரி.
அறிவிக்கையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து,
ஸ்கேல் வைத்து வரி வரியாகப் போனாள்.
மிக்சர் இருந்தது, புஜியா இருந்தது,
அதன் வாலில் 'இவை போன்ற பண்டங்களும்'.
இங்கதான்டி இருக்கோம் என்றாள்.
எங்கள் காவேரிப்பட்டணம் முழுக்க
'இவை போன்ற'வுக்குள் உட்கார்ந்திருந்தது.
பொட்டலத்தில் பெயர் போட்டால் ஒன்று,
போடாமல் நிறுத்துக் கொடுத்தால் வேறு.
அடியில் பொடி எழுத்தில் ஒரு திருத்தம்,
திருத்தத்துக்கு ஒரு திருத்தம்.

ஞாயிறு ராத்திரி, ஹாஸ்டலில்,
கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
கோமளவல்லியிடமிருந்து செய்தி:
நீங்க எழுதினதை எனக்கும் அனுப்பு,
திங்கட்கிழமை பில்லில் மாத்தணும்.

வயிற்றில் ஏதோ நொறுங்கிய சத்தம்.

ஒப்படைப்பை ஓரம் வைத்தேன்.
நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்,
படித்துப் படித்து மூடினேன்.
இரண்டு மீதி இருந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.
பார்த்த தேதி என்ற இடத்தில்
முன்பே எழுதியதை அடித்துவிட்டு
புதிதாகப் பிறந்திருந்த தேதியை எழுதினேன்.
யாரும் கேட்கவில்லை,
பக்கத்தில் நேரத்தையும்.